இடித்தது பாதி, கட்டியது பாதி

பழைய வீட்டில் ரிப்பேர் வேலை தொடங்கியவரை முதல் வாரம் பார்த்தால் முகத்தில் கல்யாண வீட்டுக் களை இருக்கும். இரண்டாவது மாதம் பார்த்தால், "பேசாம இருந்திருக்கலாம்" என்பார். எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், வந்தவர் போனவரையெல்லாம் பாத்ரூமுக்குள் கூட்டிப்போய்க் காட்டிக்கொண்டிருப்பார். இந்த ஏற்ற இறக்கம் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. கையில் ரொக்கம் வைத்திருப்பவருக்கும் இதே கதைதான், லோன் போட்டவருக்கும் இதே கதைதான். ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்வோம். 1988-ல் கட்டியது, சென்னைப் புறநகரோ, திருச்சியோ, மதுரையோ, எங்கேயும் பார்க்கக்கூடிய வீடு. தரைத்தளம் மட்டும். 9 அங்குலச் செங்கல் சுவர், மேலே காங்கிரீட் கூரை, மொசைக் தரை, சுவருக்குள் இரும்புக் குழாய். அப்பா பி.எஃப். பணத்தைப் போட்டுக் கட்டியது. இப்போது பாத்ரூம் சுவரில் ஓதம் ஏறுகிறது, ஹால் கூரையில் காரை பெயர்கிறது, இரண்டு ஏசியைச் சேர்த்துப் போட்டால் கரண்ட் போகிறது, சமையல் மேடை இடுப்புக்கு எட்டாமல் தாழ்ந்து கிடக்கிறது. மகனும் மருமகளும் பத்து லட்சம் ஒதுக்கி மேஸ்திரியை வரவழைக்கிறார்கள். அவர் சுற்றிப் பார்க்கிறார், அங்கங்கே சுவரைத் தட்டிப் பார்க்கிறார், "ரெண்டு மாசத்துல முடிச்சுக் குடுத்துடலாம் சார்" என்கிறார்.

ஏமாற்றுவதற்காக அவர் அப்படிச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிகிற வேலைக்கு அவர் கணக்குப் போட்டிருக்கிறார். புது வீடு என்றால் வரைபடத்தில் இருப்பதுதான் வேலை. கம்பி எத்தனை டன், செங்கல் எத்தனை லோடு என்று முன்னாலேயே சொல்லிவிடலாம். பழைய வீட்டில் பாதி வேலை சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் ஒளிந்திருக்கிறது. இடித்த பிறகுதான் அது வெளியே வரும். கொட்டேஷனில் அதற்கென்று ஒரு வரியும் இருக்காது.

இதற்கு உளவியலில் பெயரே உண்டு, திட்டமிடல் பிழை என்று. டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் திட்டமிடும்போது மனிதர்கள் செய்கிற ஒரு பிழையைப் பற்றி எழுதினார்கள். நம் வேலை எப்படியெல்லாம் தங்குதடையில்லாமல் நடக்கும் என்று கற்பனை செய்து நாள் குறிக்கிறோம். இதே மாதிரி வேலை மற்றவர்கள் வீட்டில் எப்படி நடந்தது என்று பார்ப்பதில்லை. கானமன் பின்னாளில் எழுதிய நூலில் ஓர் எடுத்துக்காட்டு தருகிறார். 2002-ல் அமெரிக்காவில் சமையலறையைப் புதுப்பித்த வீட்டுக்காரர்களிடம் கணக்கெடுத்தார்கள். சராசரியாக அவர்கள் எதிர்பார்த்த செலவு 18,658 டாலர். ஆன செலவு 38,769 டாலர். ஒப்பந்தம், காப்பீடு என்று எல்லாம் எழுத்தில் இருக்கிற ஊரிலேயே இரண்டு மடங்கு. நம் ஊரில் வாய் வார்த்தையும் விசிட்டிங் கார்டின் பின்பக்கமும்தான் ஒப்பந்தம்.

ஆகவே கொட்டேஷன் வாங்குவதற்கு முன் தெருவில் சமீபத்தில் வேலை பார்த்த மூன்று நான்கு வீடுகளில் போய்க் கேளுங்கள்: எவ்வளவு என்று ஆரம்பித்தீர்கள், எவ்வளவில் முடிந்தது? எந்த மாதம் என்றார்கள், எந்த மாதம் முடிந்தது? வெட்கப்படாமல் சொல்வார்கள்; ஆற்றாமை அவ்வளவு இருக்கும். பத்து லட்சம் இருக்கிறதென்றால் ஏழரை லட்சத்துக்குத்தான் வேலையைத் திட்டமிட வேண்டும் என்பது என் கணக்கு. மிச்சம் இருக்கிற இரண்டரை, சுவருக்குள் ஒளிந்திருப்பதற்கு.

இப்போது மனசுக்கு வருவோம். வேலையின் வரிசை என்ன? முதலில் இடிப்பது. பிறகு கூரை, சுவர் பழுது. பிறகு குழாயும் வயரிங்கும். பிறகு பூச்சு, வாட்டர்ப்ரூஃபிங், டைல்ஸ், மரவேலை, பெயிண்ட், கடைசியாகக் குழாய்த் திருகுகளும் லைட்டும் ஃபேனும் மாட்டுவது. இடிப்பது நாலைந்து நாளில் முடிந்துவிடும். சம்மட்டிச் சத்தம், குட்டியானையில் லோடு லோடாக ரப்பிஷ் போவது, திடீரென்று வீடு விசாலமாகத் தெரிவது என்று எல்லாமே வேகமாக நடப்பதால் உற்சாகம் பொங்கும். அடுத்து வருவதுதான் சோதனைக் காலம். வாரக்கணக்கில் பணம் தண்ணீராகப் போகும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. தெரிவதெல்லாம் முன்பைவிட மோசமாகத் தெரியும்: வெட்டிய சுவர், தொங்குகிற வயர், செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற பாத்ரூம். சனிக்கிழமை கூலிக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், போன சனிக்கிழமையைவிட வீடு இன்னும் அசிங்கமாக இருக்கும்.

இந்தக் கட்டத்தில்தான் வீட்டுக்காரர் பொறுமை இழந்து ஒரு வார்த்தை சொல்வார்: "சீக்கிரம் பூசி மூடுங்க மேஸ்திரி." நான் இவ்வளவு நேரம் பேசுவதே இந்த ஒரு வார்த்தையைத் தடுக்கத்தான். உங்கள் மனசு அடிமட்டத்தில் இருக்கிற அதே வாரங்களில்தான், அடுத்த முப்பது வருஷத்துக்கு வீடு எப்படி இருக்கும் என்பது முடிவாகிறது. டைல்ஸ் பிடிக்கவில்லையென்றால் மாற்றலாம், பெயிண்ட் பிடிக்கவில்லையென்றால் அடுத்த பொங்கலுக்கு வேறு அடிக்கலாம். சுவருக்குள் போனதை மாற்ற மறுபடி இடிக்கத்தான் வேண்டும்.

கூரையையே பாருங்கள். ஹாலில் காரை பெயர்ந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி தெரிகிறது. காங்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பி ஏன் துருப்பிடிக்க வேண்டும்? நல்ல காங்கிரீட் காரத்தன்மை மிகுந்தது, பி.எச். அளவு 12, 13 இருக்கும். அந்தக் காரம் கம்பியின் மேல் மெல்லிய ஒரு படலத்தை உண்டாக்கித் துரு அண்டாமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. கம்பி இருக்கிற ஆழத்தை அது தொட்டதும் காவல் போய்விடும். மேலே தட்டோடு விரிசல் விட்டு மழைத்தண்ணீர் இறங்கினால் கேட்கவே வேண்டாம். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளே இடமில்லை, எனவே அடியிலுள்ள காங்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. ஃபேன் ஓடுகிற அதிர்வில் காரை விழுந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

சுத்தியலால் கூரை முழுக்க மெல்லத் தட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். கெட்டியான இடம் 'டங்' என்று திருப்பிக் கொடுக்கும்; உள்ளே விட்டுப்போன இடம் 'டொப்' என்று வெறுமையாகக் கேட்கும். அங்கெல்லாம் சாக்கட்டியால் வட்டம் போட்டுவிடலாம். பொறியாளர் யாராவது வந்தால் பினாப்தலீன் கரைசலைக் கொத்திய இடத்தில் தெளித்துக் காட்டுவார். காரம் மிச்சமிருக்கிற காங்கிரீட் ரோஸ் நிறமாக மாறும், போய்விட்ட இடம் சாம்பல் நிறமாகவே இருக்கும். பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் பார்த்த அதே சமாச்சாரம்தான். ரோஸ் எவ்வளவு ஆழத்தில் தொடங்குகிறது என்று பார்த்தாலே கூரையின் ஆயுள் ஓரளவு தெரிந்துவிடும்.

சரியான வைத்தியம் என்றால் துருப்பிடித்த கம்பியைச் சுற்றிப் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, கம்பிப் பிரஷ்ஷால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, துரு தடுப்புப் பூச்சு அடித்து, பழைய காங்கிரீட்டும் புதுசும் ஒட்டுவதற்கான ரசாயனம் தடவி, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். கம்பியே பாதி கரைந்து குச்சியாகிவிட்டிருந்தால் மேஸ்திரியின் யோசனை போதாது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். இதற்குள் மொட்டைமாடியில் தண்ணீர் தேங்காமல் வாட்டம் எடுத்துத் தளம் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழே செய்ததெல்லாம் வீண். இத்தனையும் செய்தால் கூரை எப்படித் தெரியும்? சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக, தோல் நோய் வந்த மாதிரி தெரியும். வெறும் சிமென்ட் பூசி மூடினாலோ இரண்டே நாளில் வழவழவென்று அழகாக இருக்கும். சில மழைக்காலம் தாண்டி மொத்தமாகக் கட்டிலில் விழும்.

இன்னொன்று, சுவர். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே இருக்கிற சுவரை எடுத்துவிட்டு 'ஓப்பன் கிச்சன்' ஆக்க வேண்டும் என்ற ஆசை இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிறது. 1988-ல் கட்டிய வீட்டில் பெரும்பாலும் தூண் கிடையாது. கூரையைத் தாங்கி நிற்பதே அந்த 9 அங்குலச் சுவர்கள்தான். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் என்றால் கேட்டுவிட்டு எடுக்கலாம். 9 அங்குலச் சுவரில் பொறியாளரைக் கேட்காமல் ஒரு செங்கலையும் உருவக் கூடாது. முட்டுக் கொடுத்து, இரும்புப் பீமோ காங்கிரீட் பீமோ போட்டுத்தான் எடுக்க முடியும் என்றால், அந்தச் செலவைக் கேட்ட பிறகும் ஆசை இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

பாத்ரூமில் மறைகிற வேலை இதைவிட அதிகம். பழைய இரும்புக் குழாயை வெட்டிப் பார்த்தால் உள்ளே துரு படிந்து விரல் போகிற துளை பென்சில் போகிற துளையாகச் சுருங்கியிருக்கும். "மோட்டார் வீக்கா இருக்கு" என்று இத்தனை வருஷம் மோட்டாரைத் திட்டியிருப்பீர்கள். குழாய் மாற்றியதும் தண்ணீரை முழு அழுத்தத்தில் விட்டு ஒரு ராத்திரி அப்படியே வைக்கச் சொல்லுங்கள். தரையில் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சை வெறும் தரையோடு நிறுத்தாமல் சுவரிலும் ஒரு அடி ஏற்ற வேண்டும், ஷவர் பக்கம் இன்னும் மேலே. தரையும் சுவரும் சேர்கிற மூலையும், குழாய் தரையைத் துளைத்துப் போகிற இடமும்தான் முதலில் கசியும். பூச்சு காய்ந்ததும் வடிகாலைத் துணி வைத்து அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் விடுங்கள். தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா, வெளிச்சுவரில் ஈரம் படர்ந்திருக்கிறதா? இல்லையென்றால் மட்டும் டைல்ஸ்காரரைக் கூப்பிடலாம். அவர் போட்டு முடித்ததும் ஒரு குவளைத் தண்ணீரை மூலையில் ஊற்றினால் அது தயங்காமல் வடிகாலுக்கு ஓட வேண்டும். டைல்ஸ் எத்தனை ஆயிரம் ரூபாயாக இருந்தாலும் வாட்டம் சரியில்லாத பாத்ரூமில் ஆயுசுக்கும் தள்ளுக்கட்டையோடுதான் நிற்க வேண்டியிருக்கும்.

பூசுவதற்கு முன் எல்லாச் சுவரையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுவரோடு டேப்பைப் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்து குழாய் எத்தனை அடி, மூலையிலிருந்து வயர் எத்தனை அடி என்று தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். பின்னால் கண்ணாடி மாட்ட டிரில் போடும்போது அந்தப் படம்தான் காப்பாற்றும். வயரிங்கில் இரண்டைக் கண்டிப்பாகப் பாருங்கள்: ஏசிக்கும் ஹீட்டருக்கும் தனித்தனியாக 4 சதுர மில்லிமீட்டர் வயர், மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பின்னது, கசிகிற மின்சாரம் ஆளைத் தாக்கியதும் கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். மாடுலர் சுவிட்ச் நிறத்தைப் பற்றி ஒரு மாலை முழுக்க விவாதிக்கிற வீடுகளில் இதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

அடுத்த குறை, எல்லோரும் சொல்வது: மேஸ்திரி வருவதில்லை. "நாளைக்கு ஆள் வந்துரும் சார்" என்பார், வராது. இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ரிப்பேர் வேலை என்பது பலருடைய சின்னச் சின்ன வேலை. கொத்தனாருக்கு மூன்று நாள், பிளம்பருக்கு இரண்டு நாள், மறுபடி கொத்தனாருக்கு ஒரு நாள். நடுவில் ஈரம் காய வேண்டும். ஐ.எஸ். 456 என்கிற இந்தியத் தர விதிப்படி காங்கிரீட்டைக் குறைந்தது 7 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும்; பிபிசி மாதிரி கலப்புச் சிமென்டுக்கு 10 நாள்; உலர்ந்த வெயில் காலத்தில் இதுவே 10, 14 என்று கூடும். அந்த நாட்களில் உங்கள் வீட்டில் கொத்தனாருக்கு வேலை இல்லை, ஆனால் அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். மேஸ்திரி அவரை இன்னொரு சைட்டுக்கு அனுப்புகிறார். உங்கள் சுவர் தயாரானபோது அங்கே வேலை பாதியில் இருக்கிறது. வேண்டுமென்று இழுத்தடிப்பவர்களும் உண்டு, இடித்துப் போட்டுவிட்டால் வேறு ஆளிடம் போக மாட்டீர்கள் என்று தெரிந்தவர்கள். ஆனால் பெரும்பாலும் நடப்பது முன்னதுதான்.

கோபித்துக்கொள்வதால் ஆள் வராது. ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியை உட்காரவைத்து, அடுத்த வாரம் யார் எந்த நாள் வருகிறார்கள், அதற்கு என்ன பொருள் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆள் வந்து நின்ற பிறகு "சார், பூச்சு மணல் தீர்ந்துபோச்சு" என்று ஒரு நாள் போகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நாளில் போனவர் திரும்பி வரப் பத்து நாள் ஆகும். டைல்ஸ், குழாய், வாஷ்பேசின் எல்லாவற்றையும் இடிப்பதற்கு முன்பே தேர்ந்தெடுத்துவிடுங்கள். டைல்ஸில் பத்து சதவீதம் கூடுதலாக, எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண்ணாகப் பார்த்து வாங்க வேண்டும். பிறகு வாங்கினால் அதே டிசைன் ஒரு சாயல் மாறி வரும். தூசிக்கு நடுவே, தூக்கம் கெட்ட நிலையில், கடையில் நின்று முடிவெடுக்கிற புருஷன் பெண்டாட்டி எதற்குச் சண்டை போட்டாலும் அது டைல்ஸுக்கான சண்டையாக இருக்காது.

ஒரு சின்ன ஆதங்கம். மொசைக் தரையைக் கண்ணை மூடிக்கொண்டு உடைக்காதீர்கள். மெருகுபோட்டால் பல வீடுகளில் அது புதுசாகிவிடும். வழவழப்பான பெரிய டைல்ஸில் ஈரக்காலோடு நடக்கிற வயசானவர்களை நினைத்துப் பாருங்கள்.

வேலை நடக்கிற வீட்டிலேயே குடியிருப்பதென்றால் ஒரு அறையைக் கடைசிவரை தொடாமல் வையுங்கள். கதவிடுக்கில் ஈரத்துணி, உள்ளே படுக்கை, ஒரு இன்டக்ஷன் அடுப்பு, சாமி படம். அந்த அறைக்குள் சிமென்ட் மூட்டை வரக் கூடாது, மேஸ்திரியும் வரக் கூடாது, ரிப்பேர் பேச்சும் வரக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களையும் கைக்குழந்தையையும் இடிப்பு வாரத்திலும், டைல்ஸ் வெட்டுகிற வாரத்திலும் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பழைய ஜன்னல் கம்பியில் இருக்கிற எனாமல் பெயிண்டைக் காய்ந்தபடி சுரண்ட விடாதீர்கள். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற சட்டப்படியான உச்சவரம்பு இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயிண்ட் தூளில் ஈயம் இருக்கலாம்; குழந்தைகளின் மூளைக்கு அது விஷம். நனைத்துத் தேய்த்து, துடைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

காசு விஷயம் சுருக்கமாக. அட்வான்ஸ் கொஞ்சம், பிறகு முடிந்த வேலைக்கு உரிய அளவு மட்டும். ஒப்பந்தத்தில் இல்லாத ஒவ்வொரு எக்ஸ்ட்ரா வேலையையும் செய்வதற்கு முன்பே நோட்டில் எழுதி, தொகை போட்டு, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். "அப்புறம் பாத்துக்கலாம் சார்" என்பது மரியாதையாகத்தான் தொடங்கும். வேலையைத் தை பிறந்ததும் தொடங்குவது நல்லது. பொங்கலுக்குப் போன ஆட்கள் திரும்பியிருப்பார்கள், வடகிழக்குப் பருவமழைக்கு எட்டு ஒன்பது மாதம் இருக்கும், ஈரம் சீக்கிரம் காயும். கூரையைத் தொடுகிற வேலையைப் புரட்டாசிக்குத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

டைல்ஸ் வந்த அன்று மனசு ஒரே தாவாக மேலே ஏறும். பெயிண்ட் அடித்ததும் முடிந்துவிட்டது என்று தோன்றும், முடிந்திருக்காது. பழைய தரை மேலேயே டைல்ஸ் ஒட்டியிருந்தால் தரை ஓர் அங்குலம் உயர்ந்திருக்கும், எந்தக் கதவும் சாத்தாது. ஆசாரி வந்து அடிக்கட்டையை இழைக்க வேண்டும். ஒரு சுவிட்ச் தலைகீழாக இருக்கும், கொல்லைக் குழாய் சொட்டும், சமையலறையில் ஒரு டைல்ஸ் தட்டினால் 'டொப்' என்னும். பெரிய வேலை முடிந்துவிட்டதால் இந்தச் சில்லறைகளுக்காக ஆள் வருவது கஷ்டம். அவரவருக்கு அடுத்த சைட் தொடங்கியிருக்கும். அறை அறையாக நடந்து, குறைகளை எழுதி, பட்டியலை மேஸ்திரியிடம் கொடுங்கள். கடைசி ஐந்து முதல் பத்து சதவீதத் தொகையை இரண்டாகப் பிரித்து, பாதியைப் பட்டியல் முடிந்ததும் கொடுத்துவிடலாம். மீதியை ஐப்பசியில் நாலு நல்ல மழை பெய்த பிறகு கொடுப்பதாக ஒப்பந்தம் பேசும்போதே சொல்லி வைத்துவிடுங்கள். தன் வேலையில் நம்பிக்கை உள்ள மேஸ்திரி, கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொள்வார்.